வயிற்றுப் புண் என்று சொல்லி வைத்திருந்தோம்

"2020 ஏப்ரல். விஷுவுக்கு மறுநாள். பிற்பகல் கிழக்கே இடி, மழை இல்லை. எல்லைச் சாலையில் மண் கொட்டி அடைத்துவிட்டார்கள். தோப்பு வழியிலும் போலீஸ் நிற்கிறதாம். தங்கை வந்து போனாள்."

மழை அளவு குறிப்பதற்காக நான் வைத்திருக்கும் டைரியில் அன்றைக்கு எழுதியது இவ்வளவுதான். தங்கை எதற்கு வந்தாள் என்று எழுதவில்லை. அவள் மகனுடைய மாத்திரை தீரப் போகிறது என்று சொல்ல வந்தாள்.

தங்கையின் வீடும் என் வீடும் ஒரே வேலிக்கு இரு பக்கம். சித்தூருக்குக் கிழக்கே, நல்லேப்பிள்ளியைத் தாண்டி, தென்னையும் நெல்லுமாக இருக்கும் பகுதி. சைக்கிளில் போனாலே தமிழ்நாட்டு எல்லை வந்துவிடும். அவள் கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன். பால் சொசைட்டியின் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். காலையில் ஊர் ஊராகப் போய்க் கேன்களை ஏற்றிக் குளிரூட்டும் நிலையத்தில் இறக்கிவிட்டு வருவது அவன் வேலை. முப்பது வயதைக் கடந்தவன், கல்யாணம் ஆகவில்லை. பாலிடெக்னிக்கில் படித்தபோது விடுதிச் சுவருக்குப் பின்னால் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லிப் படிப்பை விட்டுவிட்டு வந்தான். அதற்குப் பின் தினமும் ஒரு மாத்திரை. மாத்திரை உள்ளே போனவரை அவனைப் போல ஒழுங்கான ஆளை எங்கள் தெருவில் காட்ட முடியாது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. காய்ச்சல், எலும்பு முறிவு, பிரசவம் எல்லாம் சித்தூரில் அல்லது பாலக்காட்டில். வெளியே சொல்லக் கூடாத நோய் என்றால் எல்லை தாண்டிப் பொள்ளாச்சி. அங்கே நம்மைத் தெரிந்தவர் யாரும் இல்லை, நர்சம்மாவின் அண்ணன் நம் வீட்டுக்குத் தேங்காய் பறிக்க வருபவராக இருக்க மாட்டார். அந்தப் பக்கத்துக்காரர்கள் இதே காரணத்துக்காக இந்தப் பக்கம் வருவார்கள் என்றும் கேட்டிருக்கிறேன். தங்கை மகனை முதன்முதலில் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போனபோது நானும் போனேன். திரும்பும் பஸ்ஸில்தான் அது வயிற்றுப் புண் என்று முடிவாயிற்று.

அந்த முடிவைத் தங்கை முழுமையாக நிறைவேற்றினாள். மாத்திரை அட்டையில் பெயர் இருக்குமே, அதனால் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டிலேயே ஒவ்வொன்றாகப் பிரித்து, வயிற்றுப் புண் பொடி இருந்த டப்பாவில் போட்டுக்கொண்டு, அட்டையை அங்கேயே எறிந்துவிட்டு வருவாள். டாக்டர் எழுதிய ஓ.பி. நோட்டையும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கிளினிக்கிலேயே கொடுத்து வைத்திருந்தாள். மருந்துக் கடை கிளினிக்குக்குள்ளேயே இருந்தது. ஆக, அந்த மருந்தின் பெயர் எங்கள் இருவர் வீட்டிலும் எந்தத் தாளிலும் கிடையாது. அவனுக்கும் தெரியாது. கேட்டால், "வெள்ளை மாத்தர, நடுவுல ஒரு கோடு" என்பான்.

சொசைட்டியில் இதை வைத்து அவனைச் சீண்டுவார்கள். நான் பால் ஊற்றப் போனபோது ஒரு முறை கேட்டது இது.

"ஏன்டா தம்பி, உன்ற வயித்துக்குப் பொள்ளாச்சி டாக்டருதா ஆகுமா? சித்தூர் டாக்டருக்கு வயிறு எங்க இருக்குதுன்னு தெரியாதா?"

"தெரியுமுங்ணா. ஆனா அவரு மொளகாயே ஆகாதும்பாரு. பொள்ளாச்சிக்காரரு பச்ச மொளகாய மட்டுந்தா நிறுத்தச் சொன்னாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தபடி கேனைத் தூக்கி வண்டியில் வைத்தான்.

எல்லை மூடிய பிறகு மாதக் கடைசியில் மாத்திரை தீர்ந்துவிடும் என்ற நிலையில் தங்கை அதைக் கத்தியால் இரண்டாக நறுக்க ஆரம்பித்தாள். நடுவில் கோடு இருந்ததால் எளிதாக இருந்தது.

"பாதி போட்டாலும் உள்ள போகுதுல்லண்ணா. சுத்தமா இல்லாமப் போறதுக்கு இது தேவலதானே?"

நான் கிளினிக் எண்ணுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். மணி அடித்து அடித்து நின்றது. டாக்டர் சென்னைக்குப் போனவர் ஊரடங்கில் மாட்டிக்கொண்டதாகப் பிற்பாடு தெரிந்தது. பொள்ளாச்சியில் வேறொரு மருந்துக் கடைக்காரரைப் பிடித்து, வெள்ளை நிறம், நடுவில் கோடு என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ஐயா, எங்கடைல பாதி மாத்திரை அப்படித்தானுங்க இருக்கு" என்றார்.

சித்தூரில் புதிதாக ஒரு டாக்டரைப் பார்த்துவிடலாம் என்றேன். தங்கை ஒப்பவில்லை. அவளுக்கு ஒரே பயம்தான்: விஷயம் வெளியே தெரிந்தால் வண்டிச் சாவியை வாங்கிவிடுவார்கள். வண்டி போனால் அவன் வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவான். உட்கார்ந்தால் முன்பு இருந்த மாதிரி ஆகிவிடுவான். அவள் கணக்கில் மாத்திரையும் வண்டியும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டிருந்தன. அவனிடமும் பேசிப் பார்த்தேன். "நா நல்லாத்தானே மாமா இருக்கேன். எல்லாரும் ஊட்டுக்குள்ள கெடக்கறாங்க, நா ஒருத்தன்தா வேலைக்குப் போறேன்" என்றான். அது உண்மையும்கூட.

எங்கள் வார்டின் ஆஷா சுகாதாரப் பணியாளர், எங்கள் தெருப் பெண்தான், அந்த மாதங்களில் வீடு வீடாக வந்து யாருக்கு என்ன மருந்து வேண்டும் என்று கேட்டுப் போனாள். வெளியூரில் வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் வாங்கிக் கொண்டுவந்து தருவோம் என்றாள். தங்கை வீட்டில் அவளாகவே, "அக்கா, தம்பிக்கு வயித்துப் புண்ணுக்குத்தானே? நா எழுதிக்கறேன்" என்று எழுதிக்கொண்டாள். ஒரு வாரத்துக்குள் மருந்து வந்துவிட்டது. வயிற்றுப் புண்ணுக்கு நல்ல மருந்து. அடுத்த மாதமும் தவறாமல் வந்தது.

அவனிடம் மாற்றம் எப்போது தொடங்கியது என்று தேதி சொல்ல முடியவில்லை. டைரியைப் புரட்டிப் பார்த்தும் கிடைக்கவில்லை. காரணம் எளிது. அவனுக்கு என்ன வந்ததோ அது அப்போது எல்லோருக்கும் வந்திருந்தது. காற்றில் ஏதோ இருக்கிறது என்றான். டிவியும் அதையே சொன்னது. யாரையும் நம்பிக் கிட்டே போகக் கூடாது என்றான். சுகாதாரத் துறை மைக் கட்டிக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டு போனது. கேன்களைக் கொதிக்கும் தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினான். விரல் இடுக்கில் தோல் உரிந்தது. சொசைட்டிச் செயலாளர் மற்ற ஆட்களிடம், "இவனப் பாத்துக் கத்துக்கங்கடா" என்றார். அவன் தூங்கவில்லை என்று தங்கை சொன்னாள். தெருவில் பாதிப் பேர் தூங்கவில்லை.

மே மாதத் தொடக்கத்தில், கோடை மழை பெய்த ஒரு நாள், மழைமானியைப் பார்க்கப் போனவன் அவன் வேலியோரம் நிற்பதைக் கண்டேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றான்.

"என்றா, நனையறே?"

"மாமா, மாஸ்க்குக்குள்ள பேசறாங்க."

"ஆரு?"

"எல்லாருந்தா." எனக்கு விளங்கவில்லை என்று பார்த்து, அவனே விளக்கினான். "முன்னாலயும் எனக்குச் சத்தம் கேக்கும் மாமா. மாத்தர போட்டாலும் எப்பவாச்சும் கேக்கும். அப்ப எதுக்க நிக்கறவங்க வாயப் பாப்பேன். வாய் அசைஞ்சா நெசம். அசையலீன்னா நெசமில்ல, கேன எடுத்துட்டுப் போயிருவேன். இப்ப ஆரு வாயும் தெரியறதில்ல."

பத்து வருடத்துக்கு மேலாக அவன் இப்படித்தான் ஊரோடு சமாளித்து வந்திருக்கிறான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். தங்கைக்கும் தெரியாது. நோயைப் பற்றி எவ்வளவோ வாசித்திருக்கிறேன்; இதை எங்கும் வாசிக்கவில்லை. நான் அவன் முன் என் மாஸ்க்கைக் கழற்றினேன். அவன் இரண்டடி பின்னால் போய், "போட்டுக்கங்க மாமா, உங்களுக்கு வயசாயிருச்சு" என்றான்.

அதற்கடுத்த வாரம் வெள்ளிக்கிழமை காலை வண்டி குளிரூட்டும் நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. எல்லைச் சாலையில் மண் மேட்டுக்குச் சற்று முன்னால் நிற்கிறது என்று மத்தியானத்துக்குள் செய்தி வந்தது. செயலாளரோடு நானும் போனேன். என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். வண்டி வேப்பமர நிழலில், சாலையை விட்டு இறக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கை பிரேக் போட்டிருந்தது. கேன்களின் மேல் ஈரச் சாக்கு மூடியிருந்தது. நாங்கள் போனபோது சாக்கு காய்ந்திருந்தது. சாவி வண்டியிலேயே இருந்தது. அவன் இல்லை.

யாரும் வண்டியைத் தொடவில்லை. ஓட்டியவனுக்குக் கொரோனா வந்துவிட்டது, பயந்து ஓடிவிட்டான் என்று அதற்குள் பேச்சு பரவிவிட்டது. யாரோ வந்து மருந்து தெளித்தார்கள். பாலை வாய்க்காலில் கொட்டினார்கள். சாயங்காலம் ஆஷா பணியாளர் தங்கை வீட்டு வாசலுக்கு வெளியே நின்று விசாரித்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன்.

"அக்கா, தம்பிக்குக் காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல அம்மிணி."

"இருமல்? மூச்சுத் தெணறல்?"

"ஒண்ணுமில்ல."

"பின்ன எதுக்கு வண்டிய உட்டுப்போட்டுப் போனான்?"

தங்கை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அவன் வயித்துல ஒண்ணுமில்ல அம்மிணி. வயித்துல எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல" என்றாள்.

அவளே எல்லாவற்றையும் சொன்னாள். வாசலில் நின்றவள் கடைசியில் ஒன்று மட்டும் கேட்டாள்.

"அப்ப நாங் கொண்டாந்து குடுத்த மாத்தர?"

"அத நாந்தா தின்னேன். நீ வெயில்ல அலஞ்சு கொண்டாந்தது. டப்பால அப்புடியே இருந்தா நாளைக்கு நீ பாத்துட்டு ஏன் போடலீம்பே."

அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று மாஸ்க்கினால் எனக்குத் தெரியவில்லை. "இந்த நோவுக்கு நம்ம தாலுக் ஆஸ்பத்திரியிலயே மாத்தர தராங்கக்கா. மாசாமாசம் இதே தெருவுல ரெண்டு ஊட்டுக்கு நாந்தா வாங்கியாந்து குடுக்கறேன்" என்றாள். எந்த வீடுகள் என்று அவள் சொல்லவில்லை. தங்கையும் கேட்கவில்லை.

மறுநாள் பொள்ளாச்சிப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. இரவு சாலையில் தனியாக நடந்துகொண்டிருந்தவனைப் பிடித்திருக்கிறார்கள். சட்டைப் பையில் பால் வண்டி பாஸ் இருந்தது, மலையாளத்தில். கேரளத்திலிருந்து எல்லை தாண்டும் பாஸ் இல்லாமல் வந்தவன் என்பதால் ஒரு கல்லூரி விடுதியில் தனிமைப்படுத்தி வைத்துவிட்டார்கள். சோதனையில் நோய் இல்லை. ஆனாலும் நாள் முடியாமல் விட முடியாது என்றார்கள். மாத்திரை சாப்பிடுபவன் என்று நான் சொன்னேன். என்ன மாத்திரை என்று கேட்டார்கள்.

நான் போகக் கேட்டேன், அனுமதி இல்லை. வயது ஒரு காரணம், மாநிலம் ஒரு காரணம். இரண்டு பக்கத்து அதிகாரிகளுக்கும் மனுக்கள் அனுப்பினேன். நகல்கள் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் மரியாதையான பதில்கள்தான் வந்தன. விடுதிக் காவலர் ஒருவர் இரக்கப்பட்டுத் தன் போனைக் கொடுத்ததால் தங்கையால் ஒரு முறை அவனோடு பேச முடிந்தது. ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"சாப்ட்டியா சாமி?"

"அம்மா, இங்க எல்லாரும் கண்ணு மட்டுந்தா வெச்சிருக்காங்க."

"சோறு போடறாங்களா?"

"ஆரு பேசறாங்கன்னு தெரியல. நீதா பேசறயா?"

"நாந்தா சாமி, அம்மாதான்."

"உன்ற வாயும் தெரியலயே" என்றான். பிறகு போனை வாங்கிவிட்டார்கள்.

தங்கை அன்று சமைக்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் நீட்டிய சோற்றையும் தொடவில்லை. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்தான். ஆனால் வண்டி ஓட்டியவன் வீடு என்பதால் அவளையும் தனிமையில் வைத்திருந்தார்கள். வாசலில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே வேலியின் இரு பக்கமும் நாற்காலி போட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

ஜூன் மாதம், தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு, அவனைச் செக்போஸ்ட்டில் இந்தப் பக்க ஆம்புலன்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். இங்கே மறுபடியும் தனிமை. ஆஷா பணியாளர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் இங்கே ஒரு டாக்டர் வந்து பார்த்து மருந்து தொடங்கினார். வீட்டுக்கு வந்தபோது அவன் பாதியாக இளைத்திருந்தான். என்னை நன்றாகத் தெரிந்தது. ஆனால் நான் கேட்டதற்கெல்லாம் என் வாயைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

அதன்பின் ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தங்கை பயந்தபடி யாரும் கேலி செய்யவில்லை. காய்கறி கொண்டுவந்து கொடுத்தார்கள், கோயிலில் அவன் பெயரில் அர்ச்சனை செய்தார்கள். வண்டியை மட்டும் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. மாஸ்க் போய்விட்டது. அவன் இப்போது முழு மாத்திரை சாப்பிடுகிறான், தாலுக் ஆஸ்பத்திரியில் தருவது. வீட்டு வேலை செய்கிறான், மாடு கறக்கிறான். காலையில் பால் வண்டி தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுகிறான்.

சென்ற ஆண்டு டாக்டரே, இவன் வண்டி ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நானும் தங்கையும் செயலாளரைப் பார்க்கப் போனோம். நல்ல மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"வண்டி தர மாட்டேன்னு சொல்லலீங்க அக்கா. கமிட்டியில ஒரே கேள்வி கேக்கறாங்க. அன்னிக்கு எதுக்கு நிறுத்துனான்? மாத்தர வாங்கறதுக்குப் பொள்ளாச்சிக்கு நடந்தான்னா அது புத்தியுள்ளவன் செய்யற காரியம். நானே பேசி வாங்கித் தந்துருவேன். என்னமோ கேட்டுப்போட்டு இறங்கி ஓடுனான்னா, நாளைக்கு ஸ்கூலு விடற நேரத்துல ரோட்டுல…"

"சாக்க நனச்சுப் போட்டு மூடிப்போட்டுத்தானே போயிருக்கான்?" என்றாள் தங்கை. "கை பிரேக்கு போட்டிருந்தானே? பைத்தியக்காரன் பாலு கெட்டுப்போயிருமுன்னு பாப்பானா?"

"அது கைப்பழக்கமுங்க. நா தூக்கத்துலகூட ஊட்டுக் கதவச் சாத்துவேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. தங்கை சொன்னதிலும் இருந்தது. வெளியே வந்ததும் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் எழுதி வெக்கறவனாச்சே நீ. இத மட்டும் கண்டுபுடிச்சுக் குடு" என்றாள்.

அவனிடம் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னிக்கு மாத்தரைக்குப் போனயா சாமி?"

என் வாயை நன்றாகப் பார்த்தான். "தெரியல மாமா. அம்மா அப்புடித்தா சொல்லுது. போயிருந்தா நல்லதுதானே?" பிறகு, "நீங்க என்னன்னு எழுதியிருக்கீங்களோ அப்புடியே இருக்கட்டும்" என்றான். அன்றைய பக்கத்தில் நான் எழுதியிருந்தது வண்டி நின்ற நிலையும் மழை அளவும் மட்டுமே.

பொள்ளாச்சிக்குப் போய் ஸ்டேஷனில் விசாரித்தேன். அவனைப் பிடித்த இடம் அவர்களிடம் பதிவாகியிருக்கிறது. அப்போது அவன் பொள்ளாச்சியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தானா, பொள்ளாச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தானா என்பது பதிவாகவில்லை. பிடித்த காவலர் மாற்றலாகிவிட்டார், எங்கே என்று அவர்களுக்கே தெரியவில்லை. கிளினிக் இருந்த கட்டடத்தில் இப்போது கண்ணாடிக் கடை இருக்கிறது. பழைய டாக்டர் தொழிலை விட்டுவிட்டாராம். எங்கள் ஓ.பி. நோட்டு எங்கே போனதென்று சொல்ல ஆளில்லை. ஆனால் வாட்ச்மேன் அதே ஆள்தான், கடைக்கும் அவரே. ஊரடங்கு முழுவதும் அந்தப் பூட்டிய கேட்டுக்குள்ளேயே தங்கியிருந்ததாகச் சொன்னார்.

"நெறையப் பேரு வந்து கேட்டப் புடிச்சு ஆட்டுனாங்க சார். அழுதாங்க, திட்டுனாங்க. நா என்ன பண்ணட்டும்? ஒரு நாளு சாயங்காலம் ஒருத்தரு வந்தாரு, நடந்தே வந்தாப்புல இருந்துச்சு, காலெல்லாம் புழுதி. 'வண்டி நிக்குதுங்க, சீக்கிரமாக் குடுங்க'ன்னாரு. எந்த வண்டியும் நா பாக்கல. டாக்டர் இல்லீன்னேன். ரொம்ப நேரம் கேட்டுக்கு முன்னால உக்காந்திருந்தாரு. பொறகு ஆளக் காணோம்."

எந்த மாதம் என்று கேட்டேன். வெயில் காலம் என்றார். தங்கை மகனின் போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். படத்தின் மூக்கையும் வாயையும் தன் கட்டை விரலால் மறைத்து மறுபடியும் பார்த்தார். "இருக்கலாம் சார். கண்ண மட்டும் வெச்சு எப்புடிச் சொல்றது" என்று திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வந்து செயலாளரிடம் அப்படியே சொன்னேன். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. "அப்ப உறுதியில்லீங்களே" என்றார். இல்லை என்றேன். அது அவனேதான் என்று தங்கை நம்புகிறாள். அதை எழுதித் தரும்படி இந்த வாரமும் கேட்டாள். 2020 கோடையில் ஒரு சாயங்காலம் அந்தக் கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் என் தங்கை மகன்தானா என்பதை என்னால் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.